மாமனாரின் கொடியும் மச்சானின் முடிச்சும்

பெங்களூர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னதுமே நான் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிவிட்டேன். பெட்டி என்னுடையதல்ல, கூட வந்த என் மாமனாருடையது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாலு சட்டை, ரத்த அழுத்த மாத்திரை, என் அக்காவுக்கு ஒரு டின் ஆலிவ் எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்த ஒரு கொடி. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கொடி. 'இது எந்த தேசம்' என்று கேட்டால் என்ன சொல்வது என்று விமானத்தில் தூங்காமல் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

அதிகாரி துணியின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். மஞ்சள், சிவப்பு. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ராஜ்யோத்சவத்துக்கா?" என்று கன்னடத்தில் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் பெட்டியை மூடித் தள்ளிவிட்டார். நான் அசடு வழியச் சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

நான் ஆம்பூர்க்காரன். தோல் பதனிடும் வேலை எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த வேலைதான் என்னைப் பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் இகுவலாதா என்கிற ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கேயும் தோல் தொழிற்சாலைகள்தான், அதே நாற்றம்தான். அங்கே மேஸ்திரியாக இருந்தவர் ஜோர்தி. அவர் மகள் நூரியாவை நான் கல்யாணம் செய்துகொண்டேன். இப்போது அவருக்கு எழுபத்து நாலு வயது.

ஜோர்தி ஸ்பெயின்காரர் என்று யாராவது சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு. அவர் கத்தலான். ஸ்பெயினின் ஒரு பகுதியான கத்தலோனியாவுக்குத் தனி மொழி உண்டு, தனி நாடு வேண்டும் என்று கேட்கிறவர்கள் நிறைய உண்டு. சில வருடங்களுக்கு முன் அதற்காக ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சட்டவிரோதம் என்று ஸ்பெயின் சொன்னது, வாக்குச்சாவடிகளுக்குப் போலீஸ் வந்தது. ஜோர்தி தோளில் ஒரு அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்கு முந்தின வாரம் என் மாமியார் உட்கார்ந்து தைத்த கொடிதான் இது. மஞ்சளில் சிவப்புப் பட்டைகள், ஒரு பக்கம் நீல முக்கோணம், அதற்குள் வெள்ளை நட்சத்திரம். விடுதலை கிடைக்கும்வரை இறக்க மாட்டேன் என்று சொல்லி அதை பால்கனியில் கட்டினார் மனிதர்.

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். விடுதலையும் வரவில்லை. தெருவில் எல்லா பால்கனியிலும் தொங்கிய கொடிகள் வெளுத்து ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன. இவருடையது மட்டும் காற்றில் கிழிந்து நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, என் வாய் சும்மா இருக்காமல், "பெங்களூரில் என் அக்கா வீட்டுக்காரர் கொடி தைக்கிறவர்" என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். அடுத்த வாரமே தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "இறக்கவில்லை, தைக்கக் கொண்டுபோகிறேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டாக்ஸியில் ஏறியதும் அடுத்த தலைவலி தொடங்கியது. நவம்பர் ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. கர்நாடகம் உருவான நாள், அதுதான் அதிகாரி சொன்ன ராஜ்யோத்சவம். பாலத்துக்குப் பாலம், ஆட்டோவுக்கு ஆட்டோ மஞ்சள் சிவப்புக் கொடி. மேலே மஞ்சள், கீழே சிவப்பு, அவ்வளவுதான் கன்னடக் கொடி. ஜோர்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இங்கேயுமா? என்னிடம் ஏன் சொல்லவில்லை, அந்தோணி? எத்தனை பேர் பிரிந்துபோகக் கேட்கிறார்கள்!"

"யாரும் பிரியக் கேட்கவில்லை. இது இவர்கள் மாநிலத்துக்குப் பிறந்தநாள் மாதிரி. இந்தியாவுக்குள்ளேயே சந்தோஷமாக இருக்கிறார்கள்."

"அப்படித்தான் வெளியாட்களிடம் சொல்வார்கள்" என்று என் தோளைத் தட்டினார்.

"ஏன் சார், தாத்தா என்ன சொல்றாரு?" என்று டிரைவர் தமிழிலேயே கேட்டார். ஊர் ரொம்ப அழகாக இருக்கிறதாம் என்று சொன்னேன். அந்த ஐந்து நாளில் நான் செய்த மொழிபெயர்ப்பெல்லாம் ஏறக்குறைய இந்த லட்சணம்தான். சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டுக்காரர் அரசியல் பேசினார் என்று யாராவது கிளப்பிவிட்டால் என்ன ஆவது? மூன்று பைகளில் மூன்று பாஸ்போர்ட் நகல் வைத்திருக்கிற ஆள் நான்.

அக்கா ஸ்டெல்லாவின் வீடு ஆஸ்டின் டவுனில். முன்னறையே தையல் கடை. வாசலில் இறங்கியதுமே "ஏண்டா இப்படி எளைச்சிட்ட? அந்த ஊர்ல சோறு போட மாட்டாங்களா?" என்று ஆரம்பித்தாள். மறுநாள் காலை இட்லி, வடைகறி. ஜோர்தி இட்லியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெதுவாக ரொட்டி இருக்கிறதா என்று கேட்டார். பேக்கரி ரொட்டி வந்தது. அவர் ஒரு தக்காளியை இரண்டாக வெட்டி ரொட்டியின்மேல் பரபரவென்று தேய்த்து, எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவி அக்காவுக்கே முதலில் நீட்டினார். அவர்கள் ஊரில் தினசரிச் சாப்பாடு அது.

அக்கா ஒரு கடி கடித்தாள். "தாளிக்காத தக்காளித் தொக்குடா இது. பாவம், பொண்டாட்டி இல்லாத மனுஷன்" என்றாள். அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று நான் கத்தலானில் சொன்னேன்.

மச்சான் ஆரோக்கியசாமி பேச்சில் சிக்கனம். முப்பது வருடமாகக் கொடி தைக்கிறார். அக்டோபர் வந்தால் அவருக்குக் கன்னடக் கொடி மட்டும்தான். கன்னட சங்கங்கள் தமிழ்த் தையற்காரரிடம் கொடி வாங்குவதற்கு ஒரே காரணம் அவருடைய முடிச்சு. கொடியை மடித்து, உள்ளே ரோஜா இதழும் சாமந்தி இதழும் வைத்து, உருட்டி, கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டுத் தருவார். கம்பத்தின் உச்சியில் ஏற்றிவிட்டுக் கயிற்றின் நுனியைத் தலைவர் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், படாரென்று விரிந்து பூ கொட்டும். மற்றவர்கள் கட்டினால் சில சமயம் அவிழாமல் உச்சியில் பொட்டலமாகவே தொங்கும். அந்த அவமானத்தைவிடத் தலைவர்களுக்குப் பெரிய அவமானம் இல்லை.

"காவிரி கலாட்டா நேரத்துல இந்தத் தெருவுல எத்தினி ஷட்டர் ஒடைஞ்சிச்சு தெரியுமா?" என்று அக்கா என்னிடம் தனியாகச் சொன்னாள். "நம்ம கடை மேல ஒரு கல்லு வுழல. சங்கத்து ஆளுங்களே வந்து நின்னாங்க. 'நம்ம பாவுட்டா தைக்கிறவரு'ன்னு. அந்தக் கொடிதாண்டா நம்மளக் காப்பாத்திக்கினு இருக்குது."

ஜோர்தியின் கொடியை மச்சான் மேஜைமேல் விரித்து ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார். "கைத்தையல். நல்லா ஓட்டியிருக்கீங்கம்மா" என்றார், இல்லாத மாமியாரிடமே சொல்வதுபோல. காற்றில் பறக்கிற ஓரம் முழுக்கப் போய்விட்டது, நீல முக்கோணமும் நட்சத்திரமும் அப்படியே இருக்கின்றன, ஓரத்தில் ஒரு முழத்துக்குப் புதுத் துணி கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். புதுத் துணிக்கு எங்கே போவது? கன்னடக் கொடிக்கு வாங்கிய அதே மஞ்சள், அதே சிவப்பு. அதையே வெட்டி ஒட்டுப் போட்டார்.

மூன்றாம் நாள் மச்சானோடு மல்லேஸ்வரம் போனோம். அங்கே ஒரு தெருச் சங்கத்துக்குக் கொடியின் அளவு கேட்க வேண்டியிருந்தது. மெட்ரோவில் ஜோர்திக்கு இடம் கொடுத்த ஒரு அம்மாள் அவர் எந்த நாடு என்று என்னிடம் கேட்டார். ஸ்பெயின் என்று முணுமுணுத்தேன். அந்த ஒரு சொல் ஜோர்திக்குப் புரிந்துவிட்டது. சம்பிகே ரோடு ஸ்டேஷன் வரும்வரை என்னோடு பேசவில்லை.

வெண்ணெய் தோசை அவரைச் சமாதானப்படுத்தியது. இரண்டாவது தோசை வரும்போது மச்சான் வாயைத் திறந்தார்.

"மாப்ள, ஒண்ணு கேளு அவர. இப்ப ஸ்பெயின விட்டுப் போறாங்கன்னே வெச்சிக்குவோம். ஐரோப்பாவுக்குன்னு ஒரு யூனியன் கீதே, அதுல இருப்பாங்களா, வெளிய பூடுவாங்களா?"

என் பயத்துக்கெல்லாம் ஊற்றுக்கண்ணே இந்தக் கேள்விதான். எங்கள் தொழிற்சாலைத் தோல் லாரியில் ஏறினால் சோதனையே இல்லாமல் இத்தாலிக்குப் போகிறது. யூனியனுக்கு வெளியே போய்விட்டால் எல்லையில் லாரி நிற்கும், வரி வரும், தொழிற்சாலை நிற்கும். என் அட்டையில் இருப்பது ஸ்பெயின் கொடுத்த குடியிருப்பு அனுமதி. ஸ்பெயினே இல்லாத ஊரில் அந்த அட்டைக்கு என்ன மதிப்பு? ராத்திரி நூரியாவிடம் கேட்டால், "அப்பாவிடம் கேட்காதே" என்பாள். நான் கேட்டதில்லை. மச்சான் கேட்டுவிட்டார்.

"நாங்கள் ஐரோப்பியர்கள். எங்களை எப்படி வெளியே தள்ளுவார்கள்?" என்றார் ஜோர்தி. "கதவு தானாகத் திறந்தே இருக்கும்."

நான் மொழிபெயர்த்தேன். மச்சான் கையைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னார். "நானும் எங்க அண்ணனும் ஒரே கடை. பேஜாராகித் தனியா வந்தேன். தையல்காரங்க சங்கத்துல நானும் பத்து வருஷமா மெம்பரு தானேன்னு போய் நின்னேன். மெம்பர்ஷிப்பு கடைக்கு, கடை அண்ணன் பேர்ல, நீ புதுசா எழுதிக் குடுன்னாங்க. எழுதிக் குடுத்தேன். இருக்கிற மெம்பருங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும்னாங்க. எல்லாரும் போட்டாங்க. அண்ணன் போடல."

ஜோர்தி தோசையை வைத்துவிட்டார். ஐரோப்பிய யூனியனிலும் அதே விதிதான் என்று அவருக்குத் தெரியும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாடும் சம்மதிக்க வேண்டும், அதில் ஸ்பெயினும் ஒன்று.

"எத்தனை காலம்?" என்று கேட்டார்.

"ஏழு வருஷம். எங்கம்மா செத்த அன்னிக்கி, எடுத்துக்கினு போறதுக்கு முன்னாடி, என்னைக் கூப்ட்டுப் போட்டுக் குடுத்தாரு."

காபி வந்தது. காபியில் ஜோர்தி மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டார். டாக்டர் ஒரு ஸ்பூன்தான் சொல்லியிருக்கிறார், நான் தடுக்கவில்லை.

நாலாம் நாள், அக்டோபர் முப்பத்தொன்று, முன்னறை முழுக்கப் பூ. அக்கா இதழ் உதிர்க்க, மச்சான் கட்ட, ஜோர்தி பக்கத்தில் ஸ்டூல் போட்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கொடியை இழுத்துக் காட்டச் சொன்னார். இதழ் கொட்டியதும் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். "என்னுடையதையும் இப்படிக் கட்டித் தரச் சொல். இப்படியே கொண்டுபோகிறேன்" என்றார். மச்சான் சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். நீலமும் நட்சத்திரமும் உள்ளே போக, புதிதாக ஒட்டுப் போட்ட ஓரம் வெளியே தெரிய, அதையும் பூ வைத்து உருட்டிக் கட்டினார்.

பிறகு நடந்ததுதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது. ஆட்டோ வந்து நின்றது. மச்சான் உள்ளேயிருந்து, "மாப்ள, மேஜை மேல இருக்கிறதெல்லாம் அட்டப்பெட்டில வையி" என்றார். நான் வைத்தேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே முடிச்சு. பெட்டி நிறைந்ததும் கடைசியாக ஒரு கட்டு மட்டும் மேஜையில் மிஞ்சியது. அதுதான் மாமனாருடையது என்று எடுத்து அலமாரியில் பத்திரமாக வைத்தேன். பயந்த சுபாவக்காரன் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்ப்பான் என்பார்கள். நான் பாஸ்போர்ட்டை மட்டும்தான் சரிபார்க்கிறவன் போலிருக்கிறது. மச்சான் அந்த ஆட்டோவிலேயே மூன்று இடத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

நவம்பர் ஒன்று காலை ஏழரை மணி. ஜோர்தி தன் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார், திருப்பினார். "இது மெர்சேயின் துணி இல்லை" என்றார். மெர்சே என் மாமியார். மச்சான் கயிற்றை இழுத்தார். பூ கொட்டியது. மேலே மஞ்சள், கீழே சிவப்பு. நட்சத்திரம் இல்லை.

அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐயோ, சேசுவே! அது எங்க போச்சு?"

மூன்று இடத்தில் ஒன்றில், கம்பத்தின் உச்சியில், பூவோடு சுருண்டு கிடக்கிறது. தலைவர் இழுக்கிற நொடிவரை யாருக்கும் தெரியாது. கன்னட நாளன்று, கன்னடர்கள் கூடி நிற்கும்போது, ஒரு தமிழ்த் தையற்காரன் கட்டிக் கொடுத்த கட்டிலிருந்து வேறு ஒரு கொடி விரியும். யார் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்?

முதல் இடம் எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு. ஓடினோம். ஏற்கெனவே ஏற்றிவிட்டிருந்தார்கள், சரியான கொடிதான். ஒரு டிரைவர் என் வாயில் மைசூர் பாகைத் திணித்தார். இரண்டாவது மல்லேஸ்வரம். போனில் கேட்கவும் மச்சானுக்குத் தயக்கம். கடைசியில் "எல்லாம் நல்லா நடந்திச்சா சார்?" என்று மட்டும் கன்னடத்தில் கேட்டார். பிரமாதம், பூ மழை என்றார்கள். மிச்சம் அல்சூர். அல்சூர் சங்கத் தலைவர் நாகராஜப்பா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

சரியான கொடியைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினோம். ஜோர்தியை வர வேண்டாம் என்றேன். "என் கொடி" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். பாதி வழியில் ஊர்வலம். லாரிமேல் பிரம்மாண்டமான தேவி படம், முன்னால் டொள்ளு மேளம், நடுவில் சிக்கிய எங்கள் ஆட்டோ. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி ஆடப் போய்விட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், ஆடப் போய்விட்டார். நாங்கள் இறங்கி நடந்தோம், பிறகு ஓடினோம். எழுபத்து நாலு வயதுக்காரர் என்னை முந்தினார்.

ஏரிக்கரைப் பக்கத்துத் தெருவில் நுழைந்தபோது பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி, தலைப்பாகையுடன் நாகராஜப்பா கம்பத்தடியில் நின்றார். கையில் கயிறு. மச்சான் கையை ஆட்டிக்கொண்டு கத்தினார். ஒலிபெருக்கிச் சத்தத்தில் எங்களுக்கே எங்கள் குரல் கேட்கவில்லை. நாகராஜப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார், வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். இழுத்தார்.

முடிச்சு அழகாக அவிழ்ந்தது. இதழ்கள் எல்லார் தலையிலும் கொட்டின. காற்று ஏரியிலிருந்து வந்து கொடியை நேராகப் பிடித்து நிறுத்தியது. நீல முக்கோணம், வெள்ளை நட்சத்திரம். கை தட்ட ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். பாட்டு மட்டும் இரண்டு வரி ஓடி அதுவும் நின்றது.

ஜோர்தி தொப்பியைக் கழற்றிவிட்டு விறைப்பாக நின்றார். அந்தக் கொடி கம்பத்தில் பறந்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை, பால்கனியில் தொங்கித்தான் பார்த்திருக்கிறார்.

"என்ன இது?" என்று கூட்டத்தில் ஒருவர் கன்னடத்தில் கேட்டார். "எந்தக் கட்சி? யார் கட்டியது?" இன்னொருவர், "தமிழன் வேலை, வேண்டுமென்றே செய்திருக்கிறான்" என்றார். இரண்டு மூன்று செல்போன்கள் மேலே உயர்ந்தன. மச்சானுக்குக் கன்னடம் தமிழைவிட நன்றாக வரும். அன்றைக்கு "சார்... சார்..." என்பதற்குமேல் வரவில்லை. அவர் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

அப்போது ஜோர்தி நடந்தார். யாரையும் தள்ளவில்லை, தானாக வழி விட்டார்கள். நாகராஜப்பா கையிலிருந்த கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இறக்க மாட்டேன் என்று சொன்ன மனிதர், ஒரு கைமேல் ஒரு கையாக, நிதானமாக, அதை இறக்கினார். தரையில் படாமல் மார்போடு வாங்கிக்கொண்டார்.

"சொல்" என்றார் என்னிடம். "கொடி என்னுடையது. தையற்காரருக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியில் வைத்தது நான் என்று சொல்."

வைத்தது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடம் அதற்குப் போதும். ஆனால் கூட்டத்தைப் பார்த்தேன், செல்போன்களைப் பார்த்தேன். என் தப்பை அவர் பேரிலேயே மொழிபெயர்த்துவிட்டேன்.

நாகராஜப்பா கோபத்தில் மூச்சு வாங்கினார். கொடியை ஒரு முனையில் தொட்டுப் பார்த்தார். "எந்த தேசம்?"

"இன்னும் தேசம் ஆகவில்லை, சார். கேட்கிறார்கள்."

"பாஷை வேறயா?"

"வேற, சார்."

"பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களா?"

நான் ஜோர்தியிடம் கேட்டேன். "இப்போது தருகிறார்கள். நான் படிக்கும்போது பேசினால் பிரம்படி" என்றார். அதைச் சொன்னேன். இந்த முறை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

நாகராஜப்பா கூட்டத்தின் பக்கம் திரும்பி, போனை உள்ளே வையுங்கள் என்று கண்டக்டர் குரலில் ஒரு அதட்டல் போட்டார். எல்லாரும் வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. "டெய்லர், சரியான கொடி எங்கே?" மச்சான் பையிலிருந்து எடுத்தார். கட்ட நேரமில்லை, விரித்தபடியே ஏற்றினார்கள். பூ கொட்டவில்லை. பிள்ளைகள் முதலிலிருந்து பாடினார்கள்.

லட்டு கொடுத்தார்கள். ஜோர்திக்கு இரண்டு கிடைத்தது. கிளம்பும்போது நாகராஜப்பா மச்சான் தோளில் கை வைத்து, "அடுத்த வருஷமும் நீயே தை" என்றார். கையை எடுக்காமலே, "ஆனால் கட்டுவதை இங்கே வந்து, எங்கள் எதிரில் கட்டு" என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் மச்சான் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். "முப்பது வருஷமா யாரும் பிரிச்சுப் பாத்ததில்ல" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "வெச்சது நீதானே மாப்ள?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தெரியும். எல்லா முடிச்சும் ஒண்ணுன்னு அவருக்குத் தோணாது, உனக்குத்தான் தோணும்." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது எனக்கு.

ஜோர்தி மடியில் கொடியை வைத்துக்கொண்டு லட்டு தின்றார். "இரண்டு நிமிடம்" என்றார் திடீரென்று. "நேராக நின்றது, பார்த்தாயா? பிள்ளைகள்கூட அசையாமல் நின்றார்கள்." கண்ணைத் துடைக்காமலே தின்றுகொண்டிருந்தார்.

கிளம்புகிற அன்று மச்சான் அதை மறுபடி கட்டிக் கொடுத்தார், புதுப் பூ வைத்து. அக்கா அழுதாள். "அடுத்த வருஷம் ஆர்டர் வருமாடா?" என்று என்னிடம் கேட்டாள். வரும்க்கா என்றேன். எனக்கு என்ன தெரியும்?

இகுவலாதா வந்ததும் தெருவே ஜோர்தியின் பால்கனியைப் பார்த்தது, தைத்த கொடி எப்போது விரியும் என்று. அவர் விரிக்கவில்லை. கட்டியது கட்டியபடியே பால்கனிக் கம்பியின் உச்சியில் மாட்டி, கயிற்றின் நுனியை உள்ளே படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆணியில் சுற்றி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். "தையற்காரர் கட்டியது. அந்த நாள் வந்தால் ஒரு இழுப்புப் போதும்" என்றாராம்.

தொழிற்சாலைக்குப் போகும் வழியில்தான் அந்த வீடு. தினமும் காலையில் அந்தப் பால்கனிக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்க்கிறேன். ராத்திரி காற்று பலமாக அடித்திருந்தால் இரண்டு நிமிஷம். மச்சானின் முடிச்சு அப்படியே இருக்கிறது. அப்பாடா, இன்றைக்கும் லாரி இத்தாலிக்குப் போகும் என்று மூச்சு விடுகிறேன். உடனே, மேலே ஜன்னலில் மாமனார் நிற்கிறாரா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.